கேஸ் கீசரை எங்கே மாட்டுவது?

குன்னூர் வாசகர் ஒருவரின் கேள்வி: “கரண்ட் கீசரில் இரண்டு பேர் குளித்தால் மூன்றாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். கேஸ் கீசர் வாங்கலாமா? வெளியே மாட்டினால் மழையில் கெட்டுவிடும், பாத்ரூமுக்குள்ளேயே மாட்டுங்கள் என்கிறார் கடைக்காரர்.”

வாங்குங்கள். பாத்ரூமுக்குள் மட்டும் மாட்டாதீர்கள்.

குளிருக்காக வென்டிலேட்டரில் அட்டை சொருகி வைக்கும் ஊர் உங்களுடையது. அடைத்த அறையில் பர்னர் எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உருவாகும். சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். ‘வெறும் வயிற்றில் குளித்ததால் தலை சுற்றுகிறது போல’ என்று நினைக்கும்போதே ஆள் சரிந்துவிடுவார். தாழ்ப்பாளோ உள்பக்கம்!

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. சாதாரண கீசர் நேரடி மழையைத் தாங்காது. அதனால் பின்கட்டில், சன்ஷேடுக்குக் கீழே, எதிர்க்காற்று அடிக்காத சுவரில் மாட்டுங்கள். ஜன்னல், வென்டிலேட்டர் பக்கத்தில் வேண்டாம். புகை திரும்ப உள்ளேதான் வரும். மழைக்குப் பயந்து பெட்டி அடித்து மூடினால் அதுவும் ஒரு பாத்ரூம்தான். காற்றில் தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று கேட்டு, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள்.

6 லிட்டர் கீசர் என்றால், நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரைச் சுமார் 25 டிகிரி சூடேற்றும் என்று அர்த்தம். மார்கழியில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரியில் வந்தால் கிடைப்பது 37, வெதுவெதுப்புதான். குழாயைக் குறைத்துத் திறந்தால் சூடு ஏறும். பத்து நிமிடக் குளியலுக்கு ஏறக்குறைய 160 கிராம் கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டர் எண்பது, தொண்ணூறு குளியலுக்கு வரும். மேல்தொட்டி உயரத்தையும் பாருங்கள். அழுத்தம் போதாவிட்டால் கீசர் பற்றவே பற்றாது.

சுடுதண்ணீர் லைனுக்கு சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் அல்லது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்தான். சாதாரண பிவிசி இளகிவிடும். சிலிண்டரை நிமிர்த்தி, தரைமட்டத்தில், சாக்கடைத் திறப்புக்குத் தள்ளி வையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தங்கும்.

மாட்டுகிறவர் கிளம்புவதற்குள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டச் சொல்லுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீ நீலமாக எரிய வேண்டும். பின்னால் எப்போதாவது மஞ்சளடித்தால் நிறுத்திவிட்டு சர்வீஸுக்குச் சொல்லுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, கேஸ் கசிவு அவசர எண் 1906-ஐ அழையுங்கள்.