ஏழு நாளில் ஐந்து ஊர்: ஜப்பான் ரயில் பாஸ் வாங்கலாமா?

டோக்கியோ, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, கனசாவா என ஐந்து ஊரையும் ஏழு நாளில் ரயிலிலேயே பார்த்துவிட முடியுமா, அதற்கு ஜே.ஆர். பாஸ் (குறிப்பிட்ட நாட்களுக்கு ஜப்பானின் ஜே.ஆர். ரயில்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் போக ஒரே டிக்கெட்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் அப்படித்தான் போய் வந்தேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

2024 நவம்பரில் அம்மா, மனைவி, நான் மூவரும் போனோம். ஏழு நாள் பாஸ் முன்பு 29,650 யென்; 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். "பாஸ் இருந்தா எந்த ரயில்லயும் ஏறிக்கலாம் சார்" என்றார் எங்கள் ஏஜென்ட். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, புல்லட் ரயில்களிலேயே வேகமான நொசோமிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும் என்று. சரி, அடுத்த வேகமான ஹிகாரியில் போனால் கொஞ்சம்தான் தாமதம், அதை விடுங்கள்.

என்னைக் கெடுத்தது கணக்கு. டோக்கியோவிலிருந்து கியோட்டோ கிட்டத்தட்ட 14,000 யென், அங்கிருந்து ஹிரோஷிமா 11,000 சொச்சம், ஹிரோஷிமாவிலிருந்து நேராக டோக்கியோ திரும்ப 19,000 சொச்சம். கூட்டிப் பார்த்தால் பாஸ் விலைக்கு ஐயாயிரம் குறைகிறது. போட்ட காசை எடுக்க வேண்டாமா? திரும்பும் வழியில் கனசாவாவைச் சேர்த்தேன். அங்கே என்ன பார்க்கப்போகிறோம் என்று யோசிக்கவே இல்லை.

ஹிரோஷிமாவில் அமைதிப் பூங்காவோடு சரி. பக்கத்துத் தீவான மியாஜிமா போகும் ஜே.ஆர். படகுகூட அந்தப் பாஸிலேயே அடக்கம், தீவு வரி 100 யென் மட்டும் தனி. ஆனால் கனசாவா ரயிலைப் பிடிக்க வேண்டுமே! ஷின் ஒசாகாவில் ஒரு மாற்றம், சுருகாவில் இன்னொன்று. புல்லட் ரயில் பாதையை அந்த வருடம் மார்ச்சில்தான் சுருகா வரை நீட்டியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் இறங்கி மேல்தளத்துக்கு ஓட வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி. "யார்டா துரத்துறா நம்மள?" என்றார். கனசாவாவில் இறங்கியபோது இருட்டிவிட்டது, மழை வேறு. மறுநாள் காலையிலேயே டோக்கியோ ரயில். கென்ரோகுயென் தோட்டத்துக்குப் பேர்போன ஊரில் நாங்கள் பார்த்தது ஸ்டேஷன் வாசலில் இருக்கும் மரத் தோரணத்தை மட்டும்தான். சுசுமி என்ற மேளத்தின் வடிவமாம். அம்மா பார்த்ததுமே "உடுக்கை" என்றார்.

"நாங்க ஐந்து நாளில் ஆறு ஊர் பார்த்தோம்" என்று கருத்துப் பகுதிக்கு வரப்போகிறவர்களுக்கு: உங்களுக்கு முட்டி நன்றாக இருக்கிறது, வாழ்த்துகள். பாஸே வீண் என்றும் நான் சொல்லவில்லை. நீண்ட தூரம் அடிக்கடி போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

எங்களுக்குப் பிடித்த நாள், பாஸே தேவைப்படாத நாள். கியோட்டோவிலிருந்து நாரா முக்கால் மணி நேரம்தான், டிக்கெட் ஆயிரம் யென்கூட இல்லை. தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் 15 மீட்டர் உயரம். 752-இல் அவருக்குக் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. தூரிகையில் நீளமான கயிறுகளைக் கட்டிக் கூடியிருந்தவர்களும் பிடித்துக்கொண்டார்களாம். "நம்ம ஸ்தபதி கண் திறக்கிற மாதிரியே" என்று அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது வலப்பக்க ஜன்னலில், அதாவது 'ஈ' இருக்கையில், ஃபூஜி மலை தெரியும். கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில், சரியாக அந்த நேரம் பார்த்து, மேனேஜர் போன். இந்தியாவில் காலை ஏழு மணி! லீவில் இருப்பவனிடம் ஒரு எக்ஸெல் ஷீட்டின் பாஸ்வேர்டு கேட்கிறார். அங்கே இருக்கையில் உட்கார்ந்து போன் பேசக் கூடாது, பெட்டிகளுக்கு நடுவே போய்ப் பேச வேண்டும். பேசிவிட்டுத் திரும்பினால் மலை போய்விட்டது. அம்மா எடுத்த படம்தான் இப்போது அவருடைய வாட்ஸ்அப் முகப்பில் இருக்கிறது.

உங்கள் பட்டியலில் கனசாவாவை வெட்டிவிட்டு நாராவுக்கு முழு நாள் கொடுங்கள். கனசாவாதான் வேண்டுமென்றால் ஹிரோஷிமாவை வெட்டிவிட்டு, அங்கே இரண்டு இரவு தங்குங்கள். டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்குங்கள். போனை அணைத்துவிட்டு 'ஈ' இருக்கையில் உட்காருங்கள்.