கட்டுத்தரைக் கேள்விகள்: எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று கேரள-தமிழ்நாடு எல்லையோர ஊர்களிலிருந்து, கால்நடை டாக்டரான எனக்கு வந்த கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் முடிகின்றன: "ரெண்டு நாள் பார்த்துட்டு அப்புறம் காட்டலாம்னு இருக்கோம் டாக்டர்." அந்த ரெண்டு நாளில்தான் பல உயிர்கள் போகின்றன. சில நோய்க்கு நாளைக்குப் போனாலும் பாதகமில்லை. சிலவற்றுக்கு அரைமணி நேரமே அதிகம். அதைப் பிரித்துச் சொல்வதில்தான் என் அக்கறை.

தெருவில் கிடந்த நாய்க்குட்டியை மகன் எடுத்து வந்தான். மூணு மாசக் குட்டிதான் இருக்கும். விளையாடும்போது பல் பட்டு அவன் விரலில் கொஞ்சம் ரத்தம் வந்தது. மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார். நாலாம் நாள் குட்டி செத்துவிட்டது. குட்டிதானே, பயப்பட வேண்டுமா? (வேலந்தாவளம்)

அம்மா, இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றால் மீதியை அப்புறம் படியுங்கள். முதலில் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

குட்டிக்கு வெறிநோய் வராது என்பது தவறான நம்பிக்கை. தாய் நாயோ வேறு நாயோ கடித்திருந்தால் குட்டிக்கும் வரும். நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே நாயின் எச்சிலில் கிருமி வந்துவிடும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது அதனால்தான். அந்தப் பத்து நாளுக்குள் நாய் செத்தால் வெறிநோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம், பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று யாரும் இருந்துவிடாதீர்கள். ஊசி கடிபட்ட அன்றே தொடங்க வேண்டும். நாய் பத்து நாளும் நன்றாக இருந்தால் மீதியை நிறுத்தலாமா என்று டாக்டர் சொல்வார்.

கட்டை அவிழ்த்து, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். நாள் கடந்திருந்தாலும் கழுவத்தான் வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதுவும் கடிவாயில் வைக்கக் கூடாது. அவை கிருமியைக் கொல்வதில்லை, புண்ணைத்தான் கிளறிவிடும்.

கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அறிகுறி தொடங்கிய பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். விரல், முகம், கழுத்து போன்ற இடங்களில் நரம்பு அதிகம், அதனால் ஆபத்தும் அதிகம்.

ரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை காப்பது அதுதான். முதல் ஊசி போட்ட ஏழு நாளுக்குள் அதைப் போட்டுவிட வேண்டும். எல்லாச் சின்ன ஆஸ்பத்திரியிலும் இருக்காது. இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று கேட்டு அன்றைக்கே அங்கே போங்கள். தோலுக்குள் போடும் தடுப்பூசி என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரும். 28-ம் நாள் ஊசியைத் தவறவிடுபவர்கள் நிறைய. சீட்டைச் சுவரில் ஒட்டி வையுங்கள். குட்டியின் எச்சில் கீறலிலோ வாயிலோ பட்டிருந்தால் வீட்டில் மற்றவர்களும் போய்க் காட்ட வேண்டும்.

பூனைக்கு உடம்பு சுடுகிறது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் கொஞ்சம் கொடுக்கலாமா? (கோபாலபுரம்)

கூடவே கூடாது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டு ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறி, முகமும் பாதமும் வீங்கினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் மணிக்கணக்கில்தான் அவகாசம். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சீமை மாடு, ரெண்டாம் ஈத்து. மடியில் ஒரு காம்பு மட்டும் கல்லு மாதிரி இருக்கிறது. பால் திரிந்து வருகிறது. போன ஈத்திலும் இப்படித்தான். ஊசி போட்டால் சரியாகி மறுபடி வருகிறது. சொசைட்டியில் பாலைத் திருப்பி அனுப்புகிறார்கள். (கொழிஞ்சாம்பாறை)

கறவையை நம்பி வீட்டுச் செலவு ஓடும் ஊர்களில் மடிவீக்கம் எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும். அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மறுபடி மறுபடி வருவதற்கு மூன்று காரணம் பார்க்கிறேன். முதலாவது, ஊசியைப் பாதியில் நிறுத்துவது. ரெண்டு ஊசியில் வீக்கம் வடிந்து பால் வெள்ளையானதும் விட்டுவிடுகிறோம். கிருமி மடிக்குள் ஒளிந்துகொள்கிறது. டாக்டர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாளும் போட வேண்டும். பாலை ஆய்வகத்துக்கு அனுப்பி எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, கறக்கும் முறை. கட்டை விரலை மடக்கிக் காம்பை அதன் முட்டியால் அழுத்திக் கறப்பது இங்கே வழக்கம். காம்பின் உள்தோல் நசுங்கிப் புண்ணாகிறது, கிருமிக்கு அதுவே வாசல். ஐந்து விரலாலும் முழுதாகப் பிடித்துக் கறங்கள். நல்ல மாடுகளை முதலில், நோய் மாட்டைக் கடைசியில். கெட்ட பாலைக் கட்டுத்தரையில் பீச்சாதீர்கள். ஒரு பாத்திரத்தில் பிடித்து பிளீச்சிங் பவுடர் கலந்து தூரத்தில் ஊற்றுங்கள்.

மூன்றாவதுதான் எல்லாரும் விட்டுவிடுவது. கறந்து முடித்ததும் காம்பின் துளை உடனே மூடிக்கொள்வதில்லை, அரைமணி நேரத்துக்கும் மேல் திறந்தே இருக்கும். கறந்த களைப்பில் மாடு சாணி மூத்திரத்தின் மேல் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகிறது. கறந்தவுடன் காம்புகளை நீர்த்த போவிடோன் அயோடினில் முக்கி எடுத்து, முன்னால் ஒரு கட்டு பசும்புல்லைப் போடுங்கள். தின்றுகொண்டே நிற்கும்.

தினமும் காலையில் முதல் ரெண்டு பீச்சைக் கறுப்புத் துணியிலோ அடர்ந்த நிறக் கிண்ணத்திலோ விட்டுப் பாருங்கள். வெள்ளைத் துணுக்கு தெரிந்தால், மடி வீங்குவதற்கு முன்பே நோயைப் பிடித்துவிட்டீர்கள். அந்த நிலையில் 250 கிராம் சோற்றுக் கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு சேர்த்து அரைத்து, தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிவிட்டுத் தினம் பலமுறை தடவுவது பலன் தருகிறது. தேசிய பால்வள வாரியமே பரப்பும் முறை இது. ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தாலோ கற்றாழையை நம்பி ஒரு பொழுதைக்கூடக் கழிக்காதீர்கள்.

பால் வற்றவிடும் நாளில் ஒவ்வொரு காம்பிலும் போடும் மருந்துக் குழாய் இருக்கிறது. உங்கள் மாட்டுக்குப் போன ஈத்திலும் வந்திருப்பதால் அடுத்த முறை கட்டாயம் கேட்டுப் போடுங்கள். ஊசி போட்ட நாட்களில் பாலைச் சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள், வீட்டுக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். திருப்பி அனுப்பியது உங்கள் மேல் உள்ள கோபத்தால் அல்ல.

பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறோம். கோமாரி ஊசி போட்டாச்சு என்று சொன்னால் நம்பலாமா? (மீனாட்சிபுரம்)

வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், காதைப் பாருங்கள். மஞ்சள் நிறத் தோட்டில் 12 இலக்க எண் இருக்கும். தேசியத் தடுப்புத் திட்டத்தில் போட்ட ஊசி அந்த எண்ணின் கீழ்தான் பதிவாகிறது. கேரளப் பக்கத்து மிருகாஸ்பத்திரியிலும் அந்த எண்ணை வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மாநிலம் தாண்டும்போது உடல்நலச் சான்றும் கையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் தனிக் கொட்டகை, தனித் தொட்டி, தனி வாளி. முடிந்தால் வேறு ஆள் கவனிக்கட்டும், இல்லையென்றால் அந்த மாட்டின் வேலையைக் கடைசியில் வையுங்கள். தோலில் கட்டி கட்டியாக இருக்கும் மாடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது கொசுவும் ஈயும் பரப்பும் நோய். மனிதருக்கு வராது, ஆனால் பக்கத்துக் கொட்டகை முழுக்க வரும்.

அறுத்த சோளக்காட்டில் மழைக்குப் பிறகு துளிர்த்ததை ஆடுகள் மேய்ந்தன. கால்மணி நேரத்தில் ரெண்டு ஆடு துடித்துச் செத்தன. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு சண்டை. (கொழிஞ்சாம்பாறை)

அவரிடம் போய்ச் சமாதானம் பேசுங்கள். விஷம் சோளத்திலேயே இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். காய்ந்து கிடந்து மழைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பில், பூ எடுக்காத இளம்பயிரில், சயனைடு அதிகம். கிழக்குப் பாலக்காட்டின் வறண்ட பூமியில் இது புதிதல்ல. மரவள்ளி இலையும் ரப்பர் இலையும் இதே வகைதான். மூச்சு வாங்கி, தள்ளாடி, ஈறு பளீரென்று சிவந்து விழும். கண்ட உடனே டாக்டர் வந்து சோடியம் தயோசல்பேட் ஊசியை ரத்தக்குழாயில் போட்டால் காப்பாற்றலாம். வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. பூ எடுத்த பிறகு அறுங்கள், வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். வெறும் வயிற்றோடு ஆட்டைச் சோளக்காட்டுக்குள் விடவே விடாதீர்கள்.

போன மாதம் எங்கள் லாப்ரடார் குட்டி ரத்தமாகக் கழிந்து செத்தது. குழந்தைகள் அழுகிறார்கள், உடனே வேறு குட்டி வாங்கலாமா? (சித்தூர், பாலக்காடு)

குழந்தைகளின் அழுகையைப் பார்க்க முடியாமல்தான் கேட்கிறீர்கள். ஆனால் சொன்ன அறிகுறி பார்வோ என்ற வைரஸ் நோய் போலத்தான் தெரிகிறது, அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயில் அதற்குப் போதாது. அழுக்கைச் சுத்தமாகக் கழுவிய பிறகு பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பழைய பாய், பெல்ட், தட்டு எல்லாவற்றையும் தூக்கிப்போடுங்கள். வாசல் மண்ணை இப்படிக் கழுவ முடியாது. ஆகவே ஆறாவது வாரம் தொடங்கிப் பதினாறாவது வாரம் வரை போடும் ஊசிகளை முழுதாக முடித்த, கொஞ்சம் வளர்ந்த குட்டியாக வாங்குங்கள். ஒரே ஊசி போட்ட நாற்பது நாள் குட்டியை இந்த வீட்டுக்குள் கொண்டு வருவது அதற்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் செய்யும் கொடுமை.

நாய்க்கு உண்ணி. மண்ணெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினோம், ஒரு வாரத்தில் மறுபடி அதே அளவு. தோட்டத்துப் பூச்சிமருந்தைக் கலந்து அடிக்கலாமா? (கோவிந்தாபுரம்)

பூச்சிமருந்து அடித்த நாய் எச்சில் ஒழுக, உடம்பு உதற, வலிப்பு வந்து மேசையில் கிடப்பதைப் பார்த்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். மண்ணெண்ணெயும் தோலைப் பொசுக்கும்.

நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. படுக்கும் இடத்துக்கு மேல் சுவரையும் கதவு நிலையின் இடுக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசலைச் சிமென்ட் வைத்துப் பூசுங்கள். நாய்க்கு எடைக்கு ஏற்ற மருந்தை டாக்டரிடம் வாங்கி, சொன்ன இடைவெளியில் விடாமல் கொடுங்கள். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்ததாக இருந்தால் பூனை செத்துவிடும்.

உண்ணி இருக்கும் நாய் சோர்ந்து படுத்தால் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஓணத்துக்கு மிஞ்சிய சோறும் பாயசமும் மாட்டுக்கு வைக்கலாமா? (வேலந்தாவளம்)

ஒரு கை சோறு ஒன்றும் செய்யாது. அண்டா சோறு உயிரை எடுக்கும். சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி, மறுநாள் மாடு அசைபோடுவதை நிறுத்தி, தண்ணீராகக் கழிந்து படுத்துவிடும். பலாப்பழக் காலத்திலும் இதேதான் நடக்கிறது. தெரியாமல் தின்றுவிட்டால் தீனியை நிறுத்தி வைக்கோல் மட்டும் போட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வரும் வரை பெரிய மாட்டுக்கு 100 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாய் வழியாக எதுவுமே வேண்டாம்.

நாட்டுக்கோழிகள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகிச் சாகின்றன. மருந்து சொல்லுங்கள். (கோபாலபுரம்)

வெள்ளைக்கழிச்சல். வந்துவிட்டால் மருந்து இல்லை, தடுப்பூசி மட்டும்தான். செத்ததைத் தோட்டத்தில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். மிச்சக் கோழிகளை அவசரமாக விற்காதீர்கள், நோய் அடுத்த ஊருக்குப் போகும். அடுத்த முறை பொரிக்கும் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் எடுத்து வாருங்கள். பைக் பெட்டியில் வெயிலில் வந்த மருந்து வேலை செய்யாது. குப்பி கலக்கினால் நூறு கோழிக்கு மேல் வரும் என்பதால் அக்கம்பக்கத்து வீடுகளோடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள்.