வாசகர் கேள்வி - பதில்: புல் வெட்டும் மெஷினில் கயிறு அறுந்தால்

கானாடுகாத்தான் வாசகர்: வீட்டைச் சுற்றியுள்ள புல்வெளிக்கு, தள்ளிக்கொண்டே போகும் பெட்ரோல் மெஷின் வைத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் புல் மண்டிவிட்டது. ஸ்டார்ட் பண்ண இழுத்தபோது கயிறு அறுந்து கைப்பிடி கையோடு வந்துவிட்டது, மீதிக் கயிறு உள்ளே ஓடிவிட்டது. ஸ்டார்ட்டர் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். கயிறு மட்டும் மாற்ற முடியாதா?

தாராளமாக முடியும். கயிறு சுற்றிக்கொள்ளும் கப்பியும், அதை உள்ளே இழுக்கும் ஸ்ப்ரிங்கும் நன்றாக இருந்தால் ஒரு செட்டுக்குப் பணம் கொடுக்க அவசியமே இல்லை.

முதல் வேலை, ஸ்பார்க் பிளக்கின் கேப்பைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். என்ஜின் சூடு ஆறியிருக்க வேண்டும். மேல் மூடியில் உள்ள மூன்று நான்கு போல்ட்டுகளை எட்டாம் அல்லது பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினால் ஸ்டார்ட்டர் தனியாக வரும். பழைய கயிற்றின் முடிச்சைக் கப்பியிலிருந்து எடுத்து, அறுந்த துண்டுகளைச் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். அந்த நீளமும் அந்தத் தடிமனும்தான் கணக்கு. இத்தகைய மெஷின்களுக்குப் பெரும்பாலும் 4 முதல் 4.5 மி.மீ. கயிறு. இழுக்கும் பிடி மேலே ஹேண்டிலில் தொங்குகிற ரகம் என்றால் 2 முதல் 2.25 மீட்டர் பிடிக்கும். துண்டு தொலைந்துபோயிருந்தால் இரண்டரை மீட்டர் வாங்கி, கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். தடிமன் கூடினால் கப்பி நிரம்பிக் கயிறு உரசும். குறைந்தாலோ, இழுக்கும் வேகத்தில் கீழ்ச்சுற்றுகளுக்கு நடுவே புதைந்து சிக்கும். புதுக் கயிற்றின் இரு நுனிகளையும் நெருப்பில் காட்டி உருக்கி, ஈரத்துணியால் உருட்டிக் கூராக்கிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் தொட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி ஸ்ப்ரிங்குக்கு முறுக்கு ஏற்ற வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கயிற்றை இழுத்தால் கப்பி எந்தப் பக்கம் சுற்றுமோ, அதே பக்கமாகக் கையால் சுற்றுங்கள். இறுகி, இனிச் சுற்றாது என்று நிற்கும் வரை சுற்றி, அங்கிருந்து ஏறக்குறைய ஒரு சுற்றுப் பின்னால் விட்டு, கப்பியின் ஓட்டையும் மூடியில் கயிறு வெளியே வரும் துளையான கயிற்று வாயும் நேருக்கு நேர் வரும்போது நிறுத்துங்கள். வைஸ் கிரிப்பால் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு) கப்பியை மூடியோடு சேர்த்துக் கவ்விவிட்டால் இரண்டு கையும் ஓயும். அந்த ஒரு சுற்றை விடாமல் கயிற்றைக் கட்டினால், முழுக்க இழுக்கும்போதெல்லாம் ஸ்ப்ரிங்கின் நுனிக் கொக்கிதான் அடி வாங்கும். சில நாளில் அது முறிந்துவிடும்.

கப்பியின் உள்பக்கமிருந்து கயிற்றைக் கோத்து, கயிற்று வாய் வழியாக வெளியே எடுங்கள். உள்நுனியில் '8' வடிவ முடிச்சு ஒன்று போட்டு இறுக்கி, முடிச்சைக் கப்பியில் அதற்கென்று உள்ள குழிக்குள் அமுக்குங்கள். வெளியே துருத்தினால் என்ஜின் ஓடும்போது பிளைவீல் (என்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) மேல் உள்ள கிண்ணத்தில் உரசும். வெளியே உள்ள கயிற்றில், நுனியிலிருந்து இரண்டு அடி தள்ளி ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டுவிட்டு வைஸ் கிரிப்பை எடுங்கள். கப்பியை விரலால் தடுத்துத் தடுத்து மெதுவாக விட்டால் கயிறு ஒழுங்காகச் சுற்றிக்கொள்ளும். பட்டென்று விட்டால் சவுக்கடிதான்.

மூடியை என்ஜின் மேல் வைத்து, போல்ட்டுகளை முழுக்க இறுக்குமுன் கயிற்றை ஒரு சாண் இழுத்துப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். கப்பி நடுவில் வந்து உட்காரும். பிறகு சுருக்கை அவிழ்த்து, கயிற்றை ஹேண்டிலில் உள்ள வளையத்தின் வழியாகக் கொண்டுவந்து பிடியைக் கட்டுங்கள். பிரேக் லீவரை ஹேண்டிலோடு சேர்த்துப் பிடித்திருந்தால்தான் கயிறு வரும். விட்டுவிட்டால் பிரேக் பிளைவீலைக் கவ்விக்கொள்ளும். அதைப் பிடிக்காமல் மல்லுக்கட்டி இழுத்தே அறுத்த கயிறுகள் ஏராளம்.

உங்கள் மெஷினில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஈரப்புல் வெட்டியிருந்தால் அடியில் அப்பிக் காய்ந்து பிளேடைப் பிடித்திருக்கும், இழுக்கும் பாரமெல்லாம் கயிற்றின் மேல் விழும். ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி மெஷினைச் சாய்த்துச் சுரண்டி எடுங்கள். மறுபக்கம் சாய்த்தால் ஏர் ஃபில்டருக்கும் சிலிண்டருக்கும் ஆயில் போய்விடும். பிறகு கயிறு கல்லாக நிற்கும். அப்படி ஆகிவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு நாலைந்து முறை மெதுவாக இழுங்கள், ஆயில் அந்த வழியே வெளியேறும்.

தேவகோட்டை வாசகர்: பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்து வீட்டைத் திறந்தோம். ஒரு வருடம் சும்மா கிடந்த மெஷினில், இழுத்த கயிறு உள்ளே போகாமல் தொங்குகிறது.

பூட்டிக் கிடந்த வீட்டு மெஷின்களில் குளவி கட்டிய மண்கூடு ஸ்டார்ட்டருக்குள் இருப்பது சகஜம். நம் பக்கத்துச் செம்மண் தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்து களிம்பாகி ஸ்ப்ரிங்கை ஒட்டிவிடுவதும் உண்டு. மூடியைக் கழற்றி உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். களிம்பை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள்.

ஸ்ப்ரிங்கை வெளியே எடுக்க வேண்டியிருந்தால் தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அது பிளேடு மாதிரி ஓரமுள்ள எஃகுப் பட்டை, விடுபட்டால் சுருள் முழுவதும் ஒரே நொடியில் முகத்துக்கு வரும். எடுக்குமுன் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். திரும்பப் போடும்போது வெளிநுனிக் கொக்கியை அதன் பள்ளத்தில் மாட்டி, வெளிச்சுற்றிலிருந்து உள்ளே உள்ளே கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே வாருங்கள். கொக்கி முறிந்திருந்தால் புது ஸ்ப்ரிங் போடுவதே நல்லது. நெருப்பில் காட்டி வளைத்தால் அந்த இடத்தில் விறைப்புப் போய்விடும். கிரீஸ் கடுகளவு போதும்.

காரைக்குடி வாசகர்: மாற்றிய கயிறு சில மாதங்கூடத் தாங்குவதில்லை. இதுவரை மூன்று கயிறு அறுந்துவிட்டது.

அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதுவே காரணம் சொல்லும். பஞ்சாகப் பிரிந்திருந்தால் உரசல். கயிற்று வாயில் விரலை விட்டுத் தடவுங்கள், பள்ளம் விழுந்திருக்கும். அந்த வாயில் உள்ள வளையத்தை மாற்றாமல் எத்தனை கயிறு போட்டாலும் இதே கதிதான். கயிற்றைப் பக்கவாட்டில் இழுக்கும் பழக்கமும் இதில் சேரும். நுனி உருகிக் கண்ணாடி மாதிரி கெட்டியாக இருந்தால், கப்பிக்குள் எங்கோ சிக்கிச் சூடேறியிருக்கிறது. கத்தியால் வெட்டியது போல் இருந்தால், கப்பியின் ஓட்டை ஓரத்தில் பிசிர் இருக்கிறது, அரத்தால் தேய்த்து மழுக்குங்கள்.

இழுக்கும்போது கயிறு கையிலிருந்து வெடுக்கென்று திரும்பப் பிடுங்கப்படுகிறதா? அப்படியென்றால், பிளேடு எப்போதாவது புல்லுக்குள் கிடந்த செம்புறாங்கல்லில் மோதியதா என்று யோசியுங்கள். மோதிய கணத்தில் கிராங்க் (பிளேடைச் சுழற்றும் என்ஜின் தண்டு) நின்றுவிடும், பிளைவீல் ஓடிய வேகத்தில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகரும். இரண்டையும் பிணைக்கும் சின்ன உலோகத் துண்டான கீ பாதி வெட்டுப்படும். அதன் பிறகு தீப்பொறி நேரத்துக்கு முன்பே விழுந்து, பிஸ்டனைப் பின்னால் உதைக்கும். அந்த உதையில் கயிறு மட்டுமல்ல, மணிக்கட்டும் போகும். பிளைவீலைக் கழற்றிக் கீயைப் பாருங்கள், நூலிழை நகர்ந்திருந்தாலும் மாற்றுங்கள். அந்த மெஷினுக்குரிய கீயையே வாங்குங்கள். கிராங்க் தப்ப வேண்டும் என்றுதான் பல மெஷின்களில் கீயை மென்மையான உலோகத்தில் செய்திருக்கிறார்கள். ஆணியை வெட்டிச் சொருகினால் அடுத்த மோதலில் அடி கிராங்குக்கு.

புதுவயல் வாசகர்: தோளில் மாட்டும் புல் வெட்டியின் கயிறு அறுந்துவிட்டது. அவசரத்துக்குத் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கொடிக்கயிறு போடலாமா?

வேண்டாம். அந்தக் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன், சுமார் 160 டிகிரியில் உருகும். நைலான் 220 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். தவிர, கொடிக்கயிறு விறைப்பானது, சிறிய கப்பியில் வளைந்து உட்காராது. பைக் பிரேக் ஒயரும் வேண்டாம், கயிற்று வாயை அறுத்துவிடும். பின்னல் போட்ட 3 முதல் 3.5 மி.மீ. நைலான் ஸ்டார்ட்டர் கயிறு ஒரு மீட்டர் வாங்குங்கள். முறுக்கேற்றும் முறை மேலே சொன்னதுதான், கப்பி சின்னதாக இருப்பதால் சுற்று எண்ணிக்கை மட்டும் மாறும். கட்டி முடித்ததும் கயிற்றை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு கப்பியை விரலால் தள்ளிப் பாருங்கள். இன்னும் அரைச் சுற்றாவது நகர வேண்டும். நகராவிட்டால் ஒரு சுற்றைக் குறையுங்கள்.