நோட்டைக் கிழித்த தம்பி, அடித்த அக்கா

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. மகனுக்கு ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. போன வாரம் அவளுடைய சயின்ஸ் ப்ராஜெக்ட் நோட்டைக் கிழித்துவிட்டான். அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, "இவன் பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள். தோழிகளையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. என் மாமியாரோ "எங்க காலத்துக்கப்புறம் நீதான் அவனுக்கு அம்மா" என்று அவளிடமே சொல்கிறார். இவளுக்கு எப்படிப் புரியவைப்பது? (நாமக்கல் வாசகி)

பதில்: முதலில் அந்த நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவன் கிழித்ததும் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். "அவனுக்குத் தெரியாதுல்ல, நீதானே பெரியவ, எடுத்து மேல வெச்சிருக்கக் கூடாதா?" எங்கள் வீட்டிலும் அதுதான். என் அண்ணனுக்கு ஆட்டிசம். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர்கூட யாரும் சொல்லவில்லை, 'ஒரு மாதிரி' என்பார்கள், அவ்வளவுதான். அவன் என் பென்சில்களை உடைத்த ஒவ்வொரு தடவையும் தப்பு என்னுடையதாகிவிடும். உங்கள் மகளும் இதை நூறு முறை கேட்டிருப்பாள், நூற்றியோராவது முறை கை நீண்டுவிட்டது.

அடித்தது தப்பு, அதை ஒரு தடவை சொல்லிவிடுங்கள், போதும். கோபம் வந்ததைத் தப்பு என்று சொல்லாதீர்கள். "ரெண்டு வாரம் உட்கார்ந்து செஞ்ச நோட்டு, எனக்கா இருந்தாலும் அழுகை வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, புது நோட்டு வாங்கி, ஒட்டுவதற்குப் பக்கத்தில் உட்காருங்கள். டீச்சருக்கு நடந்ததை நீங்களே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், அவள் போய் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். அப்புறம் அலமாரியில் ஒரு தட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவி இரண்டையும் அவளிடமே கொடுத்துவிடுங்கள். பூட்டுக்குத் தம்பி அழுவான், சில நாள் கதவை இழுத்துப் பார்ப்பான். பரவாயில்லை, பழகிவிடுவான்.

புரியவைப்பது பற்றிக் கேட்டீர்கள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துவான், கையை உதறினால் சந்தோஷம், மெல்ல முனக ஆரம்பித்தால் அடுத்து பெரிய அழுகை என்பதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே அத்துப்படியாக இருக்கும். ஏன் என்பதுதான் தெரியாது. 'சாமி குழந்தை' என்றோ 'வளர்ந்தா சரியாயிடும்' என்றோ சொல்லாமல், பிறக்கும்போதே அவன் மூளை வேறு மாதிரி அமைந்திருக்கிறது, நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் அவனுக்கு வலிக்கலாம், காகிதம் கிழியும் சத்தம் பிடித்துப்போயிருக்கலாம், அவளை அழவைக்கவென்று கிழித்திருக்க மாட்டான் என்று நேராகச் சொல்லுங்கள். கேட்கத் தயங்கும் கேள்விகளும் அவளிடம் இருக்கும். எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா? சின்ன வயதில் நான் அவனைக் கீழே போட்டதால் வந்ததா? அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ஒட்டாது, யாரும் போட்டதால் வரவில்லை, மரபணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

தோழிகள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். "என் தம்பிக்கு ஆட்டிசம், பேச மாட்டான், கைதட்டிக்கிட்டே சுத்துவான், ஒண்ணும் பண்ண மாட்டான்" என்று சொல்ல ஒரு வாக்கியத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அதுவரை மொட்டைமாடியிலோ பெரியம்மா வீட்டிலோ சந்தித்துக்கொள்ளட்டும். தோழிகளைக் கூப்பிடவில்லை என்பதற்காகத் தம்பியை வெறுக்கிறாள் என்று எண்ண வேண்டாம்.

வேலை வாங்கலாமா என்றால், மற்ற வீட்டு அக்காக்கள் செய்வதை இவளும் செய்யலாம். தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம், பத்து நிமிடம் கூட விளையாடலாம். அவனைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும், கத்திக்கொண்டு தரையில் உருளும்போது பிடித்து அடக்குவதும் அவள் வேலை இல்லை. அந்த நேரத்தில் தள்ளிப்போய்ப் பெரியவர்களைக் கூப்பிட்டால் போதும். இருவரும் ஒரே பள்ளி என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள். தம்பி அழுதால் அக்காவை வகுப்பிலிருந்து எழுப்பிக் கூப்பிடும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. கணக்கு வகுப்பின் நடுவே எழுந்து போகும் பிள்ளைக்கு எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் முதலில் வரும். பள்ளியில் பேசி நிறுத்துங்கள்.

ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி), ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்வதற்கான பயிற்சி) என்று நீங்கள் அலையும்போது, தெரபி சென்டர் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் வீட்டுப்பாடத்தோடு இருக்கும் அண்ணன், அக்காக்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வாரத்தில் ஒரு மாலை, அரை மணி நேரம் போதும், அவளோடு மட்டும் கடைத்தெருவுக்குப் போய் பஜ்ஜி சாப்பிட்டு வாருங்கள். அந்த அரை மணியில் தம்பி பேச்சு வேண்டாம். அமெரிக்காவில் சியாட்டிலில் 1982-லேயே டான் மேயர் என்பவர் இப்படிப்பட்ட உடன்பிறப்புகளுக்காக மட்டும் 'சிப்ஷாப்' என்ற விளையாட்டும் பேச்சுமான கூட்டங்களைத் தொடங்கினார். நம் ஊரில் அது இல்லாவிட்டாலும், தெரபி சென்டரில் அதே வயதுள்ள இன்னொரு அக்கா இருந்தால் இருவரையும் சேர்த்துவிடுங்கள். "உன் தம்பியும் கடிப்பானா?" என்று இருவரும் சிரித்துக்கொண்டே பேசுவதைக் கேட்டால் உங்களுக்கே சற்றுப் பாரம் இறங்கும்.

மாமியாரைத்தான் உடனே நிறுத்த வேண்டும். 11 வயதுப் பெண்ணிடம் சொல்லும் பேச்சா அது? எதிர்காலக் கவலை உங்களுடையது, அதற்கு வழியும் இருக்கிறது. சிலவகை மாற்றுத்திறனாளிகளின் நலனுக்கான 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். மகனுக்கு 18 வயதான பின், தேவைப்பட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கும், பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு, யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் அடையாள அட்டை) இல்லையென்றால் அதை முதலில் எடுங்கள். நாளைக்கு அவள் பாதுகாவலராக வர விரும்பினால் வரட்டும், விரும்பாவிட்டால் வேண்டாம். "நாங்க ஏற்பாடு பண்றோம், நீ படி" என்று மாமியார் காதில் விழும்படியே அவளிடம் சொல்லுங்கள்.

கோபப்படும் பிள்ளையைவிட, எதுவுமே கேட்காமல் ரொம்ப நல்ல பிள்ளையாக இருப்பவளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். அடிக்கடி வயிற்றுவலி, தூக்கம் இல்லை, திடீரென மார்க் குறைகிறது என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அவளுக்காக மட்டுமில்லை, உங்களுக்காகவும்தான்.