உடைந்த மரைக் கொம்பை ஒட்டலாமா?

கேள்வி: எங்கள் தாத்தா தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக (சமையற்காரராக) வேலை பார்த்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, துரை விட்டுப்போன, சுவரில் மாட்டும் பாடம்பண்ணிய மரை (கடமான்) தலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். போன மாதம் பெயின்ட் அடிக்கக் கழற்றும்போது விழுந்து, இடது கொம்பில் நெற்றிப்பக்கக் கிளை உடைந்துவிட்டது. துண்டு இருக்கிறது. வலது கொம்பின் உச்சிக் கவட்டில் ஒரு முனை நான் பிறக்கும் முன்பே இல்லை. சுப்பர் குளூவும் புட்டிப் பசையும் வைத்து இரண்டையும் சரிசெய்யலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: இடதை ஒட்டுங்கள். வலதை முதலில் விரலால் தடவிப் பாருங்கள். மரைக் கொம்பு எலும்பு. மாட்டுக் கொம்பைப்போல நகப்பொருள் அல்ல. உயிரோடு இருக்கையில் சண்டையில் முறிந்திருந்தால், மரத்தில் உரசி உரசி விளிம்பு மழுங்கி, மற்ற இடத்தைப் போலவே பழுப்பேறி வழவழப்பாக இருக்கும். அது அந்த மிருகம் வாழ்ந்த வாழ்க்கையின் அடையாளம், பழுது அல்ல, அப்படியே விடுங்கள். வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தால் பின்னால் உடைந்தது. அப்போதும் துண்டு இல்லாமல் புட்டியால் முனை செய்வதை நாங்கள் விரும்பவில்லை. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கண் அங்கேயே போகும்.

வேலைக்கு முன் ஒன்று: பழைய தலைகளின் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் ஆர்சனிக் நஞ்சு பூசுவார்கள். காதடியிலும் கண்ணோரத்திலும் வெள்ளைத் தூள் தெரியலாம். தெரியாவிட்டாலும் இருக்கிறது என்றே எண்ணுங்கள். கையுறை, முகக்கவசம் அவசியம். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

முறிவு முகத்தைப் பாருங்கள்: ஓரத்தில் தந்தம்போல இறுகிய வளையம், நடுவே தேன்கூடுபோலத் துளைகள். பசை பிடிப்பது அந்த வளையத்தில் மட்டும்தான். சுப்பர் குளூ நடுவில் உறிஞ்சப்பட்டுக் கறையாகும், தட்டினால் சட்டென்று விட்டுவிடும். ஆகவே உள்ளே கம்பி வேண்டும். 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போதும். இரும்பு ஆணி மலையகத்து ஈரத்தில் துருப்பிடித்துப் பருத்துக் கொம்பைப் பிளக்கும்.

கொம்பின் பக்கம் 3.5 மில்லிமீட்டர் பிட்டால், மெதுவான வேகத்தில், 25 மில்லிமீட்டர் ஆழம் துளையுங்கள். துளை வாயில் கொஞ்சம் பெயின்ட் தடவி, துண்டைச் சரியாகப் பொருத்தி அழுத்தினால் எதிர்ப்பக்கத்தில் வளையம் பதியும். அடுத்த துளை அங்கே. கிளை வளைந்தது என்பதை மறக்க வேண்டாம். நேராக ஆழமாகப் போனால் பிட் பக்கவாட்டில் வெளியே வரும். அங்கே 15 மில்லிமீட்டரோடு நிறுத்தி, கம்பியை அதற்கேற்ப வெட்டுங்கள். பசையில்லாமல் ஒரு தடவை பொருத்திப் பாருங்கள். மயிரிடைகூடத் தெரியாமல் மூடினால்தான் அடுத்த வேலை.

மெதுவாக இறுகும் அரல்டைட்டின் இரண்டு டியூப்களிலிருந்தும் சம அளவு பிதுக்கி நன்றாகக் குழைத்து, துளைக்குள்ளும் முகத்திலும் மெல்லியதாகத் தடவுங்கள். பிதுங்குவதை உடனே சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, சைக்கிள் டியூப் பட்டியால் கட்டுங்கள். குளிரில் இறுக்கம் தாமதமாகும். இரண்டு முழு நாள் அசைக்க வேண்டாம். ஒட்டுக் கோட்டுக்கு அக்ரிலிக் பழுப்பு நிறம் போதும். பழுப்பேற்றப் பூசும் கொண்டீஸ் (பொட்டாசியம் பர்மாங்கனேட்) கரைசல் கொம்பில் மட்டுமே ஏறும், அரல்டைட்டில் ஏறாது.

வலது முனைக்காக ஹோட்டன் சமவெளியில் உதிர்ந்த கொம்பைப் பொறுக்கி வர எண்ண வேண்டாம். அது தேசியப் பூங்கா. எதையும் எடுத்துவரக் கூடாது. வெளியாளிடம் தலையைக் கொடுப்பதாக இருந்தால், முதலில் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் மரைத் தலையின் முகத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: வேண்டாம். முகக்கவசத்தோடு, மயிர் படிந்த பக்கமாக மென்மையான காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். வெளிச்சுவரிலிருந்து கழற்றி உட்சுவரில் மாட்டுங்கள். கணப்படுப்புக்கு மேலே வேண்டாம். சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் மூக்கோரத் தோல் வெடிக்கும்.