ஏற்காட்டில் நண்பர்களோடு நெடுந்தூர ஓட்டம்: கேள்வி பதில்

மலைமேல் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களும், நாலு பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிப் பார்க்கலாம் என்று கிளம்பியிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பல வருடங்களாக ஓடுகிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அம்மாபேட்டை: அக்கா, நாங்கள் காலேஜ் நண்பர்கள் ஐந்து பேர். மூன்று பேர் ஹாஃப் மாரத்தான் (21 கிலோமீட்டர்) முடித்திருக்கிறோம், மற்ற இரண்டு பேர் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை. அடிவாரத்திலிருந்து ஏரி வரைக்கும் ஐந்து பேரும் ஒன்றாக ஓடி முடிக்க முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் எப்படி ஓடப் போகிறீர்கள் என்பதை முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள். சமதளத்தில் உங்களுக்குள் இருக்கும் வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மலைப்பாதை அதை விரித்துக் காட்டிவிடும். அடிவாரத்திலிருந்து ஊருக்கு 20 கிலோமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம். சராசரியாக 100 மீட்டர் ஓடினால் 5 மீட்டர் மேலே போகிறீர்கள், அதுவும் இடைவிடாமல். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் இரண்டு பேர் கண்ணுக்குத் தெரியாமல் போயிருப்பார்கள், இரண்டு பேர் பின்னால் வாய் பேசாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஐவரில் மெதுவாக ஓடுகிறவரை முன்னால் விடுவது. பின்னால் அல்ல, முன்னால். அவர் தன் மூச்சுக்கு ஏற்ற வேகத்தில் போவார், மற்றவர்கள் அவரைத் தாண்டக் கூடாது. பின்னால் ஓடுகிறவருக்குத்தான் எப்போதும் இழுபறி. முன்னால் ஓடும்போது அந்தப் பதற்றம் இல்லை. இரண்டாவது, பிரிந்து ஓடிச் சேர்ந்துகொள்வது. மொத்தம் 20 வளைவு, எண் பலகையும் இருக்கிறது. 5, 10, 15 என்று சேரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தவர் சும்மா நின்றால் உடம்பு ஆறிவிடும், அதனால் கடைசி ஆளைப் பார்க்கும்வரை கீழே இறங்கி வந்து அவரோடு திரும்ப ஏறட்டும். வேகமானவருக்குக் கூடுதல் பயிற்சி, மெதுவானவருக்குத் துணை. நான் இந்த இரண்டாவது வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

தென்னாப்பிரிக்காவில் 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே 90 கிலோமீட்டர் அளவில் நடப்பது. அதில் அனுபவசாலி ஒருவர் முன்னால் நின்று ஒரே சீரான வேகத்தில் கூட்டத்தையே 12 மணி நேரக் கெடுவுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அந்தக் கூட்டத்தை அங்கே பஸ் என்கிறார்கள், முன்னால் நிற்பவர் டிரைவர். உங்கள் ஐவருக்கும் ஒரு டிரைவர் வேண்டும். யார் என்று இன்றே முடிவு செய்யுங்கள்.

சூரமங்கலம்: ஏற்றத்தில் நடந்தால் ஓடினேன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா, மேடம்?

தாராளமாக. ஜெஃப் காலோவே 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடியவர். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று மாற்றி மாற்றிப் போகும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியவரும் அவர்தான். செங்குத்தான வளைவில் வேகமான நடையும் மெதுவான ஓட்டமும் நேரக்கணக்கில் ஏறக்குறைய ஒன்று, ஆனால் இதயத்துடிப்பில் நிறைய வித்தியாசம். ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நடங்கள். களைத்த பிறகு நடப்பதில் பெரிய பயன் இல்லை, முதல் வளைவிலிருந்தே கணக்காக நடக்க வேண்டும்.

ஓமலூர்: போட்டியில் என் தோழி நேரம் குறிவைத்து ஓடுகிறாள். எனக்கு முடித்தால் போதும். ஒன்றாகப் பயிற்சி செய்துவிட்டு அன்றைக்கு அவளை விட்டுவிட்டால் மனது கஷ்டப்படாதா?

சொல்லாமல் விட்டால்தான் கஷ்டம். முந்தின நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள்: "நீ போ, நான் என் வேகத்தில் வருகிறேன், முடிவில் சந்திப்போம்." அவளை உங்களுக்காக நிறுத்தினால் பாதி வழியில் அவளுக்கு எரிச்சல் வரும். நீங்கள் அவளுக்காக ஓடினால் பத்தாவது கிலோமீட்டரில் உங்கள் கால் போய்விடும். ஒன்றை மட்டும் இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். யாருக்காவது அடிபட்டால், தலை சுற்றினால் மற்றவர் நேரத்தை மறந்துவிட்டு நிற்க வேண்டும். இந்த வாக்கு கொடுக்க முடியாதவரோடு மலையில் ஓடாதீர்கள்.

கொண்டலாம்பட்டி: வேலை நாளில் ஏற்காடு போய்ப் பயிற்சி செய்ய முடியாது. ஊருக்குள்ளேயே என்ன செய்யலாம்?

உங்களுக்கு ஊத்துமலை பக்கம். அம்மாபேட்டைக்காரர்களுக்குக் குமரகிரி. வாரம் ஒரு நாள் மலை ஏறி இறங்குங்கள், படியில் நடை, சாலையில் ஓட்டம். மற்ற நாளில் மூக்கனேரி ஓரமோ காந்தி ஸ்டேடியமோ போதும், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் அடிவாரத்திலிருந்து உண்மையான மலைப்பாதையில் ஏறுங்கள், முதலில் ஐந்து வளைவு, அப்புறம் பத்து. அந்தப் பாதையில் விடிந்த பிறகு சுற்றுலா வண்டிகள் வரிசையாக வரும். வளைவில் உள்பக்கம் ஒட்டி ஓடினால் டிரைவருக்கு உங்களைத் தெரியாது. அங்கே வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, ஒளிரும் சட்டை போட்டு ஓடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் ஓடிப் பேசுவதெல்லாம் மேலே, ஊர் தாண்டிய பிறகு.

ஆத்தூர்: எங்கள் குழு மேலேயிருந்து கீழே ஓடத் திட்டம் போட்டிருக்கிறது. இறக்கம்தானே, சுலபமாகத்தானே இருக்கும் அக்கா?

மூச்சுக்குச் சுலபம், தொடைக்கு இல்லை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தசை நாரில் நுண்ணிய சேதம் வருவது அப்படித்தான். ஓடும்போது ஒன்றும் தெரியாது, பறக்கிற மாதிரி இருக்கும். மறுநாளிலிருந்து மூன்று நாள் வரை படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்து நிற்பீர்கள். காம்ரேட்ஸில் ஏறுமுகம், இறங்குமுகம் என்று வருடா வருடம் திசையை மாற்றுவார்கள். இறங்குமுக வருடம்தான் காலை அதிகம் பதம் பார்க்கும் என்று இரண்டையும் ஓடிய பலர் சொல்வார்கள்.

நல்ல செய்தி, தசை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒரே ஒரு முறை மிதமாக இறங்கிப் பழகினாலும் அடுத்த சில வாரங்களுக்கு அந்த வலி வெகுவாகக் குறையும். ஆகவே போட்டிக்கு மூன்று வாரம் முன்பு ஏழெட்டு கிலோமீட்டர் இறங்கிப் பாருங்கள், இரண்டு வாரம் முன்பு இன்னொரு தடவை. அடிகளைச் சின்னதாக, வேகமாக வையுங்கள். குதிகாலை முன்னால் நீட்டி பிரேக் போடாதீர்கள், முட்டிதான் வாங்கிக்கொள்ளும். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள். ஷூவுக்குள் கால் முன்னால் சரியாமல் இருக்க மேல் ஓட்டையிலும் கயிறு கோத்து இறுக்குங்கள்.

இன்னொன்று. வலி வரும் என்று பயந்து டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மேட்டூர்: ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் பாக்கெட் ஜெல் எல்லாம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நம்ம ஊர்ச் சாப்பாட்டிலேயே சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறீர்கள் என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் கிடைக்கும். பேரீச்சம்பழம், வெல்லக்கட்டி இரண்டும் நல்லது. கடலை மிட்டாயில் கொழுப்பு சேர்ந்திருப்பதால் செரிக்க நேரம் எடுக்கும், நடக்கும் பகுதியில் கடித்துக்கொள்ளுங்கள். தாகத்துக்குக் குடியுங்கள். பயந்து பயந்து வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வாந்தி வரும், அது ஆபத்து. உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் வைத்துக்கொள்ளலாம், ஓஆர்எஸ் என்றால் பெரிய பாக்கெட்டை ஒரு முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கெட்டியாக்கக் கூடாது. எதுவானாலும் பயிற்சி ஓட்டத்தில் சாப்பிட்டுப் பார்த்ததை மட்டும் அன்றைக்குச் சாப்பிடுங்கள்.

எடப்பாடி: எனக்கு வயது 56, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகனும் அவன் நண்பர்களும் என்னையும் கூப்பிடுகிறார்கள்.

ஐயா, அவர்கள் கூப்பிடுவதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. முதலில் உங்கள் டாக்டரிடம் மலை ஓட்டம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், வாக்கிங் என்று சொல்லிவிடாதீர்கள். இதயப் பரிசோதனை வேண்டுமா, அன்று காலை மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். சில சர்க்கரை மாத்திரைகள், இன்சுலின் போடுகிறவர்களுக்கு நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை திடீரென இறங்கும். குளுக்கோஸ் உங்கள் பையில் மட்டும் இருந்தால் போதாது, கூட ஓடுகிறவர் பையிலும் இருக்கட்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் குழப்பம் வந்தால் என்ன செய்வது என்று மகனின் நண்பர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். நெஞ்சு இறுக்கம் வந்தால் அந்த இடத்திலேயே நின்று 108-ஐக் கூப்பிட வேண்டும். சில வளைவுகளில் சிக்னல் இருக்காது, அதனால் ஒரு வண்டி பின்னால் வருவது நல்லது.

அழகாபுரம்: நாங்கள் பெண்கள் நான்கு பேர். விடியற்காலை இருட்டு, கழிப்பறை, மாதவிடாய்… யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

என்னிடம் கேட்டது சரி. இருட்டில் அடிவாரத்திலிருந்து கிளம்பாதீர்கள். முந்தின நாள் இரவு மேலே தங்கி, நன்றாக விடிந்த பிறகு ஏரியிலிருந்து ஓடுங்கள். ஏரியைத் தாண்டி எஸ்டேட் பக்கம் போய்விட்டால் கழிப்பறைக்கு வழி குறைவு, கிளம்பும் முன் முடித்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள், நம்மில் நிறையப் பேர் செய்வது அதைத்தான். மாதவிடாய் நாளில் ஓடலாம், உடம்பு ஒத்துழைத்தால். தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள், நாப்கின் ஓரமும் அறுக்கும். நான்கு பேரில் ஒருவர் மாற்று நாப்கின், சிறு துண்டு, மூடும் பை வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் ஆகும்.

சென்னை: நாங்கள் வருவதே இயற்கைக் காட்சிக்காகத்தான். எந்தப் பாதையில் ஓடினால் நன்றாக இருக்கும்?

அப்படியானால் மலைப்பாதையை வண்டிக்கு விட்டுவிட்டு, மேலே ஊரைச் சுற்றிப் போகும் லூப் ரோட்டுக்கு வாருங்கள். சுமார் 32 கிலோமீட்டர். முழுதும் வேண்டாம் என்றால் பாதியில் வண்டியை நிறுத்தி வையுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காபி இன்று இரண்டு பக்கமும் நிற்கிறது. அதற்கு நிழலாக சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, நடுவில் பலா. வெயில் தரையில் படவே இடமில்லாத நீளங்கள் உண்டு. கோடை மழை விழுந்த சில நாளில், மார்ச் ஏப்ரலில், காபி பூத்துவிட்டால் பாதை முழுக்க மல்லிகை வாசம்தான். எனக்கு உலகத்தில் வேறெங்கும் ஓட வேண்டாம் என்று தோன்றும் நாட்கள் அவை.

லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பாருங்கள், தெளிந்த நாளில் மேட்டூர் அணைத் தண்ணீரும் மின்னும். கிழக்கே பகோடா பாயின்ட், அங்கேயும் நின்று காட்சி பார்க்கலாம். கால் மிச்சமிருந்தால் 5,326 அடி உயரத்தில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்குத் திரும்புங்கள், கடைசி ஏற்றம் கடினம். கோயில் ஒரு குகைக்குள் இருக்கிறது, குனிந்துதான் போக வேண்டும், ஓடிய இடுப்பு அப்போது பேசும். கிளியூர் அருவிப் படிகளை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

வழியில் மலையாளிப் பழங்குடி மக்களின் கிராமங்கள் வரும். காலையில் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். பிரித்த உறையை உங்கள் பாக்கெட்டிலேயே வையுங்கள்.

வாழப்பாடி: காட்டு மாடு வருமாமே?

வரும். காலையிலும் சாயங்காலமும் எஸ்டேட் ஓரம் நிற்கும். நின்றுவிடுங்கள், சேர்ந்து நில்லுங்கள், அது ரோட்டைத் தாண்டிப் போகட்டும். போட்டோவுக்காக நெருங்குவது, கத்துவது, ஃப்ளாஷ் அடிப்பது எல்லாம் வேண்டாம். காதில் ஹெட்போனோடு ஓடாதீர்கள். குரங்குக்குக் கையில் இருக்கும் பழம் தெரியக் கூடாது.

ராசிபுரம்: எந்த மாதம்?

ஜனவரி, பிப்ரவரி. சேலத்தைவிட ஆறு ஏழு டிகிரி குறைவாக இருக்கும், காலையில் பனிமூட்டம் உண்டு. மே மாதம் கோடை விழாக் கூட்டம். வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும் வாரத்தில் திட்டம் போடாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

தாரமங்கலம்: புது ஷூ வாங்கியிருக்கிறேன், அன்றைக்கே போடலாமா?

வேண்டாம். பழகின ஷூ.

கன்னங்குறிச்சி: ஓடி முடித்ததும் நாங்களே பைக்கில் கீழே இறங்கிவிடலாமா?

இறங்காதீர்கள். நெடுந்தூரம் ஓடிய காலுக்கு பிரேக் மிதிக்கும்போது திடீரென்று பிடிப்பு வரும், கண்ணும் சொக்கும். 20 வளைவில் அது நடக்கக் கூடாது. பஸ்ஸில் வாருங்கள், அல்லது அன்றைக்கு ஓடாத ஒரு நண்பரை வண்டி ஓட்ட அழைத்து வாருங்கள். அவருக்கு மிளகாய் பஜ்ஜியும் காபியும் உங்கள் செலவில்.