உறுப்பு மாற்று உரிமம்: படிவம் எங்கே சறுக்குகிறது? – கேள்வி பதில்

1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம், அதற்கு 2011-இல் வந்த திருத்தம், 2014 விதிகள். இந்த மூன்றையும் வைத்தே கீழே உள்ள பதில்கள்.

சார், எங்களுடையது 60 படுக்கை மருத்துவமனை. மாற்று அறுவை செய்யும் எண்ணம் இல்லை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க மட்டும் பதிவு கிடைக்குமா?

கிடைக்கும். ஐசியூவும் அறுவை அரங்கும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். படிவம் 13-ஐ நிரப்புங்கள். படிவம் 12 மாற்று அறுவை செய்பவர்களுக்கு. அதை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் விண்ணப்பம் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநருக்குப் போக வேண்டும், டிரான்ஸ்டானுக்கு (தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம்) அல்ல. டிரான்ஸ்டான் உறுப்பைப் பகிர்ந்தளிக்கும், உரிமம் கொடுக்காது. உறுப்பை எடுக்கும் அறுவைக் குழு வெளியிலிருந்து வரும் என்பதால் அந்த நிபுணர்கள் உங்களிடம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆனால் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்காமல் பதிவு கிடையாது.

அந்த ஒருங்கிணைப்பாளராக எங்கள் ஐசியூ நர்ஸையே காட்டலாமா?

நர்சிங் படிப்பு தகுதிக்குப் போதும். ஆனாலும் அதே நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸ் வேண்டாம். ஊசி போட்ட கையே தானப் படிவத்தையும் நீட்டினால் குடும்பத்துக்குச் சந்தேகம் வரும்.

மூளைச்சாவைச் சான்றளிக்கும் படிவம் 10 திரும்பத் திரும்பக் கேள்வியோடு வருகிறது. பரிசோதனையைச் சரியாகத்தான் செய்கிறோம்.

பரிசோதனை சரியாக இருந்தும் நேரக் கணக்கு தவறியிருக்கும். இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். முதலாவது காலை 9.40, இரண்டாவது மாலை 3.30 என்று எழுதியிருந்தால் பத்து நிமிடம் குறைவு, அது செல்லாது. ஏப்னியா டெஸ்டின் (வென்டிலேட்டரை நிறுத்தி, தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ரத்த வாயு அறிக்கையில் இயந்திரம் தானே நேரத்தை அச்சிடும். அதுவும் படிவத்தில் கையால் எழுதிய நேரமும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் முழுப் படிவமும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். இயந்திரத்தின் கடிகாரத்தை முதலில் சரிபாருங்கள்.

அடுத்தது கையெழுத்து. நால்வர் போட வேண்டும்: மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவர், சிகிச்சை அளிக்கும் மருத்துவர், தொடர்பில்லாத தனி மருத்துவர் ஒருவர், நரம்பியல் அல்லது நரம்பு அறுவை நிபுணர். இவர்களில் ஒருவர்கூட மாற்று அறுவைக் குழுவில் இருக்கக் கூடாது. நரம்பியல் நிபுணர் கிடைக்காத ஊரில் என்ன செய்வது? பொது அறுவை அல்லது பொது மருத்துவ நிபுணருடன் மயக்கவியல் அல்லது தீவிர சிகிச்சை நிபுணரைக் கொண்டு நடத்த 2011 திருத்தம் வழி விட்டிருக்கிறது. இப்படிக் கையெழுத்திட அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் இருந்த மருத்துவர் வேலையை விட்டுப் போன பிறகு, புதியவரின் பெயரை அனுமதிக்கு அனுப்பாமலே அவரிடம் கையெழுத்து வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு.

மருத்துவப் பக்கத்தில் ஒன்று: மிடாசோலம், ஃபென்டனில் போன்ற மயக்க, வலிநீக்க மருந்துகள் ஓடிக்கொண்டிருந்த நோயாளிக்கு அதை நிறுத்திய கையோடு பரிசோதனை தொடங்காதீர்கள். மருந்தின் தாக்கம் அடங்கியிருக்க வேண்டும், உடல் குளிர்ந்திருக்கக் கூடாது. ஏப்னியா டெஸ்டில் மூச்சு முயற்சியே இல்லாமல் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60-ஐ (மி.மீ. பாதரசம்) தொட வேண்டும், அல்லது தொடக்க அளவிலிருந்து 20 கூட வேண்டும். 54-இல் நிறுத்திவிட்டு ‘பாசிட்டிவ்’ என்று எழுதினால் கேள்வி வராமல் என்ன செய்யும்?

சாலை விபத்து கேஸ். போலீஸ் அனுமதியில் நேரம் போய்விடுகிறது.

முதல் பரிசோதனை முடிந்ததுமே காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். விபத்து நடந்த எல்லை வேறு மாவட்டமாக இருந்தால் இது இன்னும் அவசரம். பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவருக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள். இதயத்தை வெளியே எடுத்த பின் கையில் இருப்பது ஏறத்தாழ 4 மணி நேரம்தான்.

என் மச்சான் (மனைவியின் தம்பி) எனக்குச் சிறுநீரகம் தர முன்வருகிறார். சொந்தம்தானே, மருத்துவமனை ஏன் குழுவுக்குப் போகச் சொல்கிறது?

வீட்டில் சொந்தம், சட்டத்தில் இல்லை. கணவன், மனைவி, மகன், மகள், தாய், தந்தை, உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோர் மட்டுமே நெருங்கிய உறவினர். உங்கள் மனைவியே தந்தால் குழு வேண்டியதில்லை. அவர் தம்பி தந்தால் நெருங்கிய உறவினர் அல்லாதவருக்கான படிவம் 3, இருவரும் சேர்ந்து கொடுக்கும் படிவம் 11, அதன்பின் அங்கீகாரக் குழு. இரு தரப்பின் தொழில், கடந்த மூன்று நிதியாண்டு வருமானம் ஆகியவற்றுக்கு ஆதாரம் கேட்பார்கள். பழைய குடும்பப் படங்களை எடுத்துச் செல்லுங்கள். திருமண ஆல்பம் நல்ல சாட்சி. இருவரையும் நேர்காணல் செய்வார்கள், அது வீடியோவில் பதிவாகும். கூட்டம் நடந்த 24 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி.

கெடுபிடி அதிகம் என்று கோபப்படாதீர்கள். சிறுநீரக விற்பனையால் சென்னையின் வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வந்த மாநிலம் இது. கொடுப்பவர் தினக்கூலி, பெறுபவர் வசதியானவர் என்றால் குழு துருவத்தான் செய்யும்.

65 வயது தாண்டியவர் காத்திருப்புப் பட்டியலில் பதிய முடியாதா?

முடியும். அந்த வரம்பை 2023-இல் மத்திய சுகாதார அமைச்சகம் நீக்கிவிட்டது.

உரிமம் புதுப்பிக்க எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? விதிமீறல் என்று நோட்டீஸ் வந்தால்?

சான்று 5 ஆண்டுக்குச் செல்லும். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பதிவு ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி. சிறுநீரகச் சான்றைக் காட்டிக் கல்லீரல் செய்ய முடியாது. நோட்டீஸ் வந்தால் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தரப்படும்; ரத்து உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். புகார் பண பேரம் பற்றியது என்றால் விஷயமே வேறு: 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். அங்கே குமாஸ்தாவை வைத்துப் பதில் எழுதிக்கொண்டிருக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.